“மதர்போர்டு போச்சு” என்றார் ஒருவர். அழிரப்பரில் பிழைத்தது கம்ப்யூட்டர்!

சென்னை,

திருவல்லிக்கேணியில் டைப் அடித்து, ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கும் சின்னக் கடை. நடத்துபவர் ஒரு பெண்மணி.

திங்கட்கிழமை காலை 9 மணி. வாசலில் 6 கல்லூரி மாணவர்கள். புராஜெக்ட் ஒப்படைக்க அன்றுதான் கடைசி நாள். அத்தனை பேர் பைலும் கடைக் கம்ப்யூட்டருக்குள்.

சுவிட்சைத் தட்டினார். விளக்கு எரிந்தது. காத்தாடி சுற்றியது. ஆனால் திரை கும்மிருட்டு! உள்ளே இருந்து “பீப்... பீப்... பீப்...” என்று விடாமல் சத்தம்.

ரூ.7 ஆயிரம்

பக்கத்துத் தெரு மெக்கானிக் வந்தார். பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. “மதர்போர்டு போச்சு. 7 ஆயிரம் ஆகும். பைலும் கிடைக்காது” என்று கையை விரித்துவிட்டார்.

பெண்மணிக்குத் தலை சுற்றியது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோ ஏறினார். மவுண்ட் ரோட்டை ஒட்டிய ரிச்சி தெருவில் போய் இறங்கினார்.

அங்கே ஒரு வயதான மெக்கானிக். அவர் கேட்ட முதல் கேள்வி: “சத்தம் வந்துச்சாம்மா?”

“விடாம கத்துதுண்ணே.”

“அப்போ பயப்படாதீங்க. மதர்போர்டு செத்திருந்தா கத்தறதுக்கு ஆள் ஏது?”

சத்தத்தின் ரகசியம்

சுவிட்சைப் போட்டதும் கம்ப்யூட்டர் முதலில் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். ‘ராம்’ எனும் நினைவகப் பட்டை சரியாக உட்காரவில்லை என்றால் திரையில் எழுத்துக் காட்ட வழியில்லை. அதனால்தான் “பீப்” போடுகிறது. சத்தத்தின் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சில புது போர்டுகளில் சத்தம் கிடையாது. குட்டி விளக்குதான் எரியும்.

மெக்கானிக் கரண்டு வயரைப் பிடுங்கினார். ‘ராமை’ உருவினார். பொன் நிறப் பற்களில் அழுக்கு! மேஜையில் கிடந்த பென்சில் அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்தார். தூளைத் தட்டினார். இரண்டு பக்கக் கொக்கியும் “டக்” என்று விழும்வரை அழுத்தினார்.

சுவிட்சைப் போட்டதும் திரை பளிச்!

இன்னொரு நோய்

ஆனால் தேதி 2012 ஜனவரி 1 என்று காட்டியது. மதர்போர்டில் காசு போல ஒரு பேட்டரி இருக்கும். பெயர் ‘சி.ஆர்.2032’. 3 வோல்ட். அது தீர்ந்தால் கடிகாரம் பின்னால் ஓடிவிடும். தேதி தப்பானால் பல இணையதளங்கள் “பாதுகாப்பு இல்லை” என்று திறக்க மறுக்கும். அதையும் மாற்றினார்.

பைல்கள்? ஒன்றுகூடப் போகவில்லை. அவை இருப்பது ஹார்டு டிஸ்க்கில். மதர்போர்டே போனாலும் டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் பெரும்பாலும் எடுத்துவிடலாம்.

எங்கே நிற்கிறது?

“எந்த இடத்துல நிக்குதுன்னு பாருங்க. பாதி வைத்தியம் முடிஞ்சது” என்கிறார் மெக்கானிக். அவர் கூறியதாவது:-

* விளக்கே எரியவில்லையா? பிளக், வயர், பெட்டியின் பின்பக்க சுவிட்சைப் பாருங்கள். அடுத்த சந்தேகம் ‘எஸ்.எம்.பி.எஸ்.’ மீது. 230 வோல்ட்டைக் குறைத்துத் தருவது அதுதான். அதை மட்டும் நீங்கள் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஷாக் அடிக்கும்!

* காத்தாடி சுற்றியும் திரை இருட்டா? மானிட்டர் வயரைப் பாருங்கள். பிறகு ‘ராம்’.

* ‘பூட்’ செய்ய டிஸ்க் இல்லை என்று எழுத்து வருகிறதா? மறந்து செருகிவைத்த பென் டிரைவைப் பிடுங்குங்கள். டிஸ்க் வயரை அழுத்துங்கள்.

* டிஸ்க் “டக் டக்” என்று தட்டுகிறதா? உடனே நிறுத்துங்கள். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தால் உள்ளதும் போகும்.

* விண்டோஸ் படம் வந்து அப்படியே நிற்கிறதா? “பார்மட் போடணும்” என்பார்கள். முதலில் பைலை நகல் எடுக்கச் சொல்லுங்கள்.

150 ரூபாய்

மெக்கானிக் வாங்கியது பேட்டரியோடு சேர்த்து 150 ரூபாய். மதியம் 12 மணிக்கு மாணவர்கள் கையில் புராஜெக்ட்.

மிச்சமான பணத்தில் பெண்மணி வாங்கியது என்ன தெரியுமா? இன்னொரு ஹார்டு டிஸ்க்! தினமும் கடை சாத்தும் முன் எல்லா பைலுக்கும் அதில் ஒரு நகல் எடுக்கிறார். இரவில் அது அவர் வீட்டு பீரோவில் தூங்குகிறது.