பீடியும் பிடிச்சிட்டு சத்து மாத்திரையும் போடுறீங்களா? உஷார்!

"பீடியை விட முடியலை. அதான் தினமும் ஒரு சத்து மாத்திரை போட்டுக்கிறேன், எல்லாம் சரியாப் போயிடும்..." டீக்கடை பெஞ்சில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. ஆனால் அந்த மாத்திரையே சில நேரம் புற்றுநோய்க்கு துணை போகலாம் என்பது பலருக்கும் தெரியாது.

துரு பிடிக்கும் உடம்பு

மழையில் கிடக்கும் இரும்பு துரு பிடிக்கிறது. அதற்கு காரணம் ஆக்சிஜன். நாம் இழுக்கும் மூச்சில் உள்ள ஆக்சிஜனை வைத்து உடம்பு சக்தி தயாரிக்கும்போதும், 'ப்ரீ ரேடிக்கல்' எனப்படும் முரட்டு மூலக்கூறுகள் உண்டாகின்றன. வழக்கமாக உடம்பே அவற்றை அடக்கிவிடும்.

பீடி, சிகரெட் புகை உள்ளே போனால் இந்த முரட்டுக் கூட்டம் பெருகிவிடும். அடக்க ஆள் பத்தாது. இதுதான் 'ஆக்சிஜனேற்ற அழுத்தம்'. செல்லின் மரபணு அடிபடும். அடி மேல் அடி விழுந்தால், அந்த செல் அடங்காமல் பெருகி கட்டியாகிவிடலாம்.

கட்டிக்கு ரத்தம்

நைட்ரிக் ஆக்சைடு என்பது நம் ரத்தக்குழாயின் உள்சுவரில் உருவாகும் வாயு. குழாயை விரித்து ரத்தத்தை ஓடவிடும். இந்த உண்மையை கண்டுபிடித்த 3 அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 1998-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இதே வாயு, கட்டிக்குள் ஓரளவு இருந்தால் புது ரத்தக்குழாய் முளைக்க உதவி, கட்டிக்கு தீனி போடும். வெள்ளை அணுக்கள் இதை அதிகமாக கக்கினாலோ புற்றுநோய் செல் செத்துவிடும். அளவுதான் விஷயம்.

பின்லாந்தில் நடந்தது

பின்லாந்தில் 1985-ல் தொடங்கி, புகை பிடிக்கும் ஆண்கள் 29 ஆயிரத்து 133 பேரை வைத்து சோதனை நடந்தது. 1994-ல் முடிவு வெளியானது. பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம்! வைட்டமின் 'ஈ' மாத்திரையும் காப்பாற்றவில்லை.

2014-ல் சுவீடன் விஞ்ஞானிகள் எலிகளிடம் ஒரு காரணத்தை கண்டனர். முரட்டு மூலக்கூறு அளவு மீறினால் புற்று செல்லுக்கும் ஆபத்து. மாத்திரை அந்த செல்லையும் சேர்த்து காப்பாற்றி விடுகிறது.

என்ன செய்யலாம்?

காய்கறி, பழம் தாராளமாக சாப்பிடலாம். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், டாக்டரை கேட்காமல் சத்து மாத்திரை எதையும் தொடக்கூடாது.

வாயில் ஆறாத புண், 3 வாரத்துக்கு மேல் இருமல், சளியில் ரத்தம் என்றால் உடனே அரசு ஆஸ்பத்திரிக்கு போங்க.

பீடியை விட்டு 10 வருஷம் ஆனால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து ஏறக்குறைய பாதியாக குறையும். இதை எந்த மாத்திரையாலும் செய்ய முடியாது.