ஒருவர்மீது வழக்குண்டா என அறிவது எப்படி?

ஊராட்சித் தேர்தல் நெருங்கும்போதும், பால் சங்கத்திற்குக் காவலாளி ஒருவரை அமர்த்தும்போதும், வெளியூரார் ஒருவருக்கு நிலத்தைக் குத்தகைக்கு விடும்போதும் நம் கிராமங்களில் ஒரு வினா எழுவதுண்டு: "இவர்மீது வழக்கு ஏதேனும் உண்டா?" இவ்வினாவுக்கு விடை பெரும்பாலும் தேநீர்க் கடையிலிருந்தே கிடைக்கின்றது. அவ்விடையை நம்பி ஒருவருக்குப் பதவி அளிப்பதும், மற்றொருவரின் பிழைப்பைக் கெடுப்பதும் நேர்கின்றன. பனமலை போன்ற சிற்றூராயினும், செஞ்சி போன்ற பேரூராயினும், வழக்கு விவரத்தை ஆவணத்தைக் கொண்டே அறிய இன்று வழியுண்டு. அவ்வழியையும், கிடைக்கும் ஆவணம் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு மதிப்புத் தரலாம் என்பதையும் இங்கே ஆராய்வோம்.

இவ்வினா நமக்குப் புதியதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில், உத்திரமேரூர்ச் சபையார் குடவோலை முறைக்கு வகுத்த விதிகள் கல்வெட்டாக நிற்கின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், பிறர் பொருளைக் கவர்ந்தவரும் குடவோலைக்குத் தகுதியற்றோர் என அவ்விதிகள் கூறுகின்றன. கணக்குக் காட்டாதவரின் உறவினரும் விலக்கப்பட்டனர். இன்றைய சட்டம் உறவினரைத் தண்டிப்பதில்லை. ஆயினும் பொதுப்பணிக்கு வருபவரின் முன்வரலாற்றை ஊரார் அறிந்திருக்க வேண்டும் என்னும் எண்ணம் ஆயிரம் ஆண்டுப் பழமை உடையது என்பதை நாம் மறத்தற்கில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். ஊராட்சி அலுவலகத்திலோ பேரூராட்சி அலுவலகத்திலோ குற்றப் பதிவேடு எதுவும் கிடையாது. ஊராட்சிச் செயலர் தரும் சான்று எதுவும் இவ்விஷயத்தில் செல்லாது. அமெரிக்காவின் பல பகுதிகளில் நீதிமன்ற எழுத்தரின் அலுவலகத்திற்குச் சென்று ஒருவரின் வழக்குப் பதிவுகளைக் கேட்டுப் பார்க்கும் வழக்கம் உண்டு. நம் நாட்டில் அத்தகைய ஒரே பதிவேடு பொதுமக்களுக்குத் திறக்கப்படவில்லை. காவல் நிலையத்தில் ஒரு பகுதியும், நீதிமன்றத்தில் ஒரு பகுதியும், தேர்தல் அலுவலரிடம் ஒரு பகுதியுமாக விவரம் பிரிந்து கிடக்கின்றது.

காவல் நிலையத்தில் தொடங்குவோம். குற்றம் பற்றிய செய்தி கிடைத்தவுடன் பதிவாவது முதல் தகவல் அறிக்கை. புகார் கொடுத்தவருக்கு இதன் நகலைக் கட்டணமின்றித் தரவேண்டும் என்பது பாரதிய நாகரிக சுரக்ஷா சம்ஹிதையின் 173ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த இச்சட்டத்திற்கு முன்பும் விதி இதுவே. குற்றம் சாட்டப்பட்டவரும் மனுச்செய்து நகல் பெறலாம். மற்றவர்கள் என்ன செய்வது? 2016 செப்டம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, பதிவான அறிக்கையை 24 மணி நேரத்திற்குள் காவல் துறையின் இணையதளத்தில் வெளியிட வேண்டும். இணைப்பு வசதி குறைந்த இடங்களில் 72 மணி நேரம் வரை அவகாசம் உண்டு. பாலியல் குற்றங்கள், குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்கள், தீவிரவாதம் போன்ற வழக்குகள் மட்டும் இவ்விதிக்கு விலக்கு. தமிழ்நாடு காவல் துறையின் இணையதளத்தில் மாவட்டம், காவல் நிலையம், ஆண்டு, அறிக்கை எண் ஆகியவற்றைக் குறித்துத் தேடலாம். கணினி அறியாதவர்கள் இ-சேவை மையத்திலோ படித்த இளைஞர் ஒருவரிடமோ உதவி கேட்கலாம்.

ஆனால் இவ்வறிக்கை யாது? ஒருவர் மற்றொருவர்மீது சொன்ன குற்றச்சாட்டு, அவ்வளவே. புலன் விசாரணை இனிமேல்தான் நடைபெற வேண்டும். வரப்புத் தகராறில் இரு தரப்பாரும் மாறி மாறிப் புகார் கொடுத்து, இருவர் பெயரும் ஏறிய அறிக்கைகள் நம் நிலையங்களில் எத்தனையோ! "சி.எஸ்.ஆர்." என்று மக்கள் கூறும் மனு ஏற்பு ரசீதோ இவ்வளவு மதிப்பும் உடையதன்று, அது மனு பெறப்பட்டதற்கான அடையாளமே.

அடுத்தது நீதிமன்றம். இதுவே நாம் நம்பத்தக்க இடம். நாட்டின் மாவட்ட, வட்ட நீதிமன்றங்களின் வழக்கு விவரங்கள் இ-கோர்ட்ஸ் எனப்படும் இணையதளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஒவ்வொரு வழக்குக்கும் 16 எழுத்தும் எண்ணும் கொண்ட தனி அடையாளம் உண்டு. அதனை அறியாதவர் கட்சிக்காரர் பெயரைக் கொண்டும், முதல் தகவல் அறிக்கை எண்ணைக் கொண்டும் தேடலாம். விழுப்புரம் மாவட்டத்தைத் தேர்ந்து, உரிய நீதிமன்ற வளாகத்தைக் குறித்து, நிலுவை வழக்கா, முடிந்த வழக்கா என்பதையும் சொல்லவேண்டும். நிலுவையை மட்டும் பார்த்து நின்றுவிடுவது பலர் செய்யும் தவறு. முடிந்த வழக்கிலேதான் தண்டனையா விடுதலையா என்பது தெரியும்.

பெயரைக் கொண்டு தேடுவதில் ஓர் அபாயம் உண்டு. நம் பக்கத்துக் கிராமங்களில் ஏழுமலை, முருகன், லட்சுமி என்னும் பெயர் கொண்டோர் தெருவுக்கு இருவர் மூவர் உளர். பெயரை ஆங்கிலத்தில் எழுதுங்கால் ஒரே பெயர் நான்கு விதமாகத் திரிகின்றது. ஒரு விதமாகத் தேடி, இல்லையென்று கண்டு, வழக்கே இல்லை என முடிவு செய்தல் தகாது. அதுபோலவே, பெயர் அகப்பட்டவுடன் "இவரேதான்" என்று ஊரில் பறைசாற்றுதலும் தகாது. தந்தை பெயர், ஊர், வயது ஆகிய மூன்றும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். இவை திரையில் முழுமையாகத் தோன்றாதபோது முதல் தகவல் அறிக்கையோடு ஒப்பிடுதல் வேண்டும். காவல் நிலையம், எண், ஆண்டு ஆகியவற்றைக் கொண்டு தேடுவதே உறுதியான முறை.

திரையில் காண்பது குறிப்பு. சான்றாவது நீதிமன்றம் தரும் சான்றிட்ட நகல். நகல் மனுவில் வழக்கு எண்ணையும் தேவைப்படும் ஆவணத்தையும் குறித்து, உரிய கட்டணத்துடன் நீதிமன்றத்தின் நகல் பிரிவில் அளிக்கவேண்டும். தீர்ப்பினால் பாதிக்கப்பட்டவர் இதனை உரிமையாகவே பெறலாம். வழக்கில் சேராத பிறருக்கு நகல் தருவதற்கு உயர் நீதிமன்றம் விதி வகுக்கலாம் என்று மேற்கூறிய சட்டத்தின் 404ஆம் பிரிவு கூறுகின்றது. ஆதலால் அவ்வாறு கேட்பவர் இன்ன காரணத்திற்காகத் தேவை என்பதைத் தெளிவாக எழுதவேண்டும். வெறும் பகைமைக்காகக் கேட்பவர்க்கு அனுமதி கிட்டுவது அரிது; அது நன்றே.

நகல் கைக்கு வந்தபின் அதன் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்க வேண்டுகிறோம். விடுதலையா, சமரசமா, அபராதமா, சிறையா என்பது அங்கேதான் இருக்கும். மேல்முறையீடு உண்டா என்பதையும் விசாரிக்க வேண்டும். வழக்குகளின் எண்ணிக்கையைக் கொண்டு மனிதரை அளத்தல் கூடாது. குடிநீர் கேட்டுச் சாலை மறியல் செய்தவர்மீது உள்ளதும் வழக்கே. கூட்டுறவுச் சங்கப் பணத்தைக் கையாடியவர்மீது உள்ளதும் வழக்கே.

தேர்தலில் நிற்போரைப் பொறுத்தவரை நம் வேலை எளிது. 2002 மே 2 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பே இதற்கு வித்து. சட்டமன்ற, நாடாளுமன்ற வேட்பாளர்கள் தம்மீதுள்ள குற்ற வழக்குகளை உறுதிமொழி ஆவணத்தில் எழுதித் தரவேண்டும். அவ்வாவணத்தைத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் எவரும் காணலாம். 2018ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப்பின் இவ்விவரங்களைச் செய்தித்தாளிலும் விளம்பரம் செய்யவேண்டும். உள்ளாட்சி வேட்பாளர்களிடமும் மாநிலத் தேர்தல் ஆணையம் வேட்புமனுவுடன் உறுதிமொழி ஆவணம் பெறுகின்றது. விழுப்புரம் மாவட்டத்தில் 2021 அக்டோபர் 6, 9 ஆகிய நாட்களில் ஊரகத் தேர்தல் நடந்தது. மாவட்டப் பிரிவினையால், 2019 டிசம்பரில் பிற மாவட்டங்களோடு வாக்களிக்க இயலாமற் போன ஊர்கள் இவை. அடுத்த தேர்தலின்போது, வாக்குச் சீட்டைக் கையில் வாங்குமுன் இவ்வாவணத்தைப் பார்ப்பவர் எத்தனை பேர் என்று நாம் எண்ணிப் பார்க்கலாம்.

காவலாளி, ஓட்டுநர், வீட்டு வேலையாள், குடியிருப்போர் ஆகியோரைப் பற்றி அறியக் காவல் துறையே சரிபார்ப்புச் சேவை நடத்துகின்றது. இச்சேவை தொடங்கியபோது தனிநபர்க்கு ரூ.500, நிறுவனத்திற்கு ரூ.1000 எனக் கட்டணம் வைக்கப்பட்டது. வேலை தேடுபவர் தமக்குத் தாமே விண்ணப்பித்துச் சான்று பெறலாம். சங்கத்தாரும் ஊராட்சியாரும் இம்முறையையே கைக்கொள்ளுதல் நன்று என்பது நம் கருத்து. சம்பந்தப்பட்டவர் அறியாமல் அவர் முதுகுக்குப் பின்னே விசாரிப்பதைவிட இது நேர்மையானது. வெளிநாட்டு வேலைக்குச் செல்வோர் பெறவேண்டிய சான்று வேறு. அதற்குப் பாஸ்போர்ட் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

சில பதிவுகள் கேட்டாலும் கிடைக்கா. காவல் நிலையத்தில் பராமரிக்கப்படும் குற்ற வரலாற்றேடு துறையின் உள் ஆவணமேயன்றிப் பொது ஆவணமன்று என்று உச்ச நீதிமன்றம் 2024 மே மாதத்தில் கூறியது. பதினெட்டு வயது நிரம்பாதோரின் வழக்கு விவரங்களை வெளியிடுவது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி குற்றம். தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ்ப் பத்து ரூபாய் கட்டணத்துடன் மனுச்செய்து 30 நாளில் பதில் பெறலாமெனினும், புலன் விசாரணையைக் கெடுக்கும் தகவலும் தனிநபர் அந்தரங்கமும் மறுக்கப்படும்.

இத்தடைகளைக் கண்டு சலிப்போர் நம் நாட்டு வரலாற்றைச் சிறிது நோக்கவேண்டும். 1871இல் பிறந்து, 1911ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணத்திலும் புகுந்த குற்றப் பரம்பரைச் சட்டம், பிறப்பினாலேயே சில சமூகத்தாரைக் குற்றவாளிகளாக எழுதி வைத்தது. கைரேகை கொடுத்து, நிலையத்தில் ஆஜராகி, அனுமதியின்றி வெளியூர் செல்ல இயலாது வாழ்ந்த குடும்பங்கள் பல. நம் மாகாணத்தில் 1947இலும், நாடு முழுவதும் 1952இலும் அச்சட்டம் ஒழிந்தது. எனினும் அந்நினைவு முற்றும் அகலவில்லை. துப்புத் துலங்காத திருட்டு வழக்குகளில் இருளர் பெயர்கள் சேர்க்கப்படுகின்றன என்னும் குறை நம் மாவட்டத்தில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகின்றது. செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் உழைக்கும் ஒருவரின் பெயர் பழைய அறிக்கையொன்றில் இருப்பதைக் காட்டி அவருக்கு வேலையோ வீட்டுமனையோ மறுப்போமாயின், நாம் படித்தது குற்றச்சாட்டையா தீர்ப்பையா என்று ஊராட்சி உறுப்பினர் கேட்டல் வேண்டும்.

விடுதலை பெற்றவர்களுக்கும் ஒரு செய்தி. தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கிப் பட்டாவோடு சேர்த்துப் பத்திரமாக வைத்துக்கொள்க. சரிபார்ப்பில் பழைய வழக்கு தலைகாட்டுமாயின் அந்நகலை இணைத்து மாவட்டக் காவல் கண்காணிப்பாளர்க்கு விண்ணப்பிக்கலாம். நகல் மனு எழுதவும் வழக்குரைஞர் உதவி பெறவும் வசதியற்ற பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள், காவலில் உள்ளோர் ஆகியோர் 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி இலவச உதவிக்கு உரியவர்கள். நீதிமன்ற வளாகத்திலுள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவில் நேரில் கேட்கலாம். 15100 என்னும் தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம்.