கை தட்டினால் கால் நகரும்

கூடத்தில் நன்றாகத்தான் நடந்து வருகிறார் பெரியவர். வாசற்படி அருகே வந்ததும் கால்கள் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுகின்றன. பார்க்கின்சன் நோய். பக்கத்தில் இருப்பவர் சீராகக் கை தட்டத் தொடங்குகிறார். சில தட்டல்களில் கால் கிளம்பிவிடுகிறது. மந்திரமில்லை, தாளம்.

தாளம் காதில் இல்லை, மூளையில் இருக்கிறது. கடிகாரம் ஒரே மாதிரி ஒலித்தாலும் நமக்கு 'டிக்-டாக்' என்றுதான் கேட்கும். அமெரிக்க உளவியலாளர் தாடியஸ் போல்டன் இதை 1894-லேயே பரிசோதித்திருக்கிறார். 2009-ல் வெளியான ஆய்வு ஒன்றில், பிறந்து இரண்டு மூன்று நாளே ஆன குழந்தைகளுக்குத் தூக்கத்தில் டிரம் ஓசை கேட்கச் செய்தார்கள். தாளத்தின் முதல் அடியை விட்டபோதெல்லாம் மூளையின் மின்னலைகளில் சலனம். வரவேண்டியது வரவில்லை என்று அந்தச் சிசுவின் மூளைக்குத் தெரிந்திருக்கிறது!

ஆனால் மூளையின் பொறுமைக்கு எல்லை உண்டு. இரண்டு அடிகளுக்கு இடையே சுமார் இரண்டு வினாடிக்கு மேல் போனால் தாளம் அறுந்து வெறும் ஓசைகளாகிவிடும். ஹிந்துஸ்தானி இசையில் மிக விளம்பமான கயாலில் ஒரு மாத்திரையே அதைவிட நீளும். தபலாக்காரர் இடையில் சின்னச் சொற்களால் நிரப்பிக்கொண்டே போவது அதனால்தான்.

அடுத்த அடியைக் கணிப்பதில் முக்கியப் பங்கு, மூளையின் ஆழத்தில் இருக்கும் 'பேசல் கேங்க்லியா' என்ற பகுதிக்கு. உடல் அசைவை ஒழுங்குபடுத்துவதும் இதுவே. கை கால் அசைக்காமல் தாளத்தைக் கேட்டாலே இது வேலை செய்வதை ஸ்கேன் படங்கள் காட்டுகின்றன. பார்க்கின்சன் நோயில் டோபமைன் குறைந்து பழுதாவதும் இதே இடம்தான். உள்ளே தடுமாறும் கடிகாரத்துக்கு, வெளியிலிருந்து வரும் ஓசை நேரத்தை இரவல் தருகிறது. சிறுமூளை வழியாக ஒரு மாற்றுப்பாதை திறக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் தாட் குழுவினர் நோயாளிகளை மூன்று வாரம் தாளத்துக்கேற்ப நடக்கவைத்தார்கள். 1996-ல் வெளியான முடிவு: நடை வேகம் 25 சதவீதம் கூடியது, காலடியின் நீளம் 12 சதவீதம்.

நோய் இதனால் குணமாவதில்லை. மாத்திரையை நிறுத்தவும் முடியாது. பயிற்சியை விட்டால் பலனும் தேய்ந்துவிடுகிறது. எல்லோருக்கும் ஒரே வேகமும் ஒத்துவராது. நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறார் என்று முதலில் எண்ண வேண்டும். தாளம் அதையொட்டியே தொடங்க வேண்டும். பிறகு மெல்லக் கூட்டலாம். எடுத்த எடுப்பில் குத்துப்பாட்டைப் போட்டால் பெரியவர் தடுக்கி விழுவார்.