அன்பின் பெயர் தாங்கிய நாரை



ஒரு சமுதாயத்தார் ஒரு பறவைக்கு 'அன்புடையது' என்று பெயர் சூட்டினர். அதே பறவையை உண்ணத் தகாதவற்றின் பட்டியலிலும் சேர்த்தனர். முரண்போல் தோன்றும் இச்செய்தி யூதர்களின் மறைநூல்களில் காணப்படுவது. அந்தப் பறவையின் எபிரேயப் பெயர் 'ஹஸீதா'. பெரும்பாலான அறிஞர்கள் அதனை நாரை என்றே கொள்வர். வெண்ணிற உடலும், சிறகின் ஓரங்களில் கருமையும், சிவந்த அலகும் சிவந்த கால்களும் கொண்ட செங்கால் நாரை அது. சத்திமுத்தப் புலவர் தம் வறுமையை மனைவிக்கு உரைக்கத் தூது விட்டாரே, அந்தச் செங்கால் நாரையை நீங்கள் பள்ளிப் பாடத்திலேயே அறிந்திருப்பீர்கள்.

நல்ல பெயர் பெற்ற பறவை ஏன் விலக்கப்பட்டது? இக்கேள்விக்கு அறிஞர்கள் கண்ட விடை, பறவையைப் பற்றியது மட்டுமன்று. நம் இல்லங்களைப் பற்றியதும் ஆகும்.

பெயரின் வேர்

எபிரேய மொழியில் 'ஹெஸெத்' என்று ஒரு சொல் உண்டு. அன்பு, தயை, நன்றி மறவாமை, கொண்ட உறவைக் கைவிடாத உறுதி ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். இறைவன் தன் அடியார்கள்மீது காட்டும் கருணைக்கும் அச்சொல்லே ஆளப்படுகிறது. அந்த வேரிலிருந்து பிறந்ததே 'ஹஸீதா' என்னும் பெண்பாற் பெயர்.

யூத மறைத் தொகுப்பு முழுவதிலும் இப்பறவை 6 இடங்களில் குறிப்பிடப்படுகிறது. லேவியராகமத்திலும் உபாகமத்திலும் உண்ணலாகாத பறவைகளின் வரிசையில் வருகிறது. சங்கீதத்தின் 104ஆம் அதிகாரத்தில், உயர்ந்த மரங்களில் அதற்கு வீடமைத்துக் கொடுத்தவன் இறைவன் என்று அவன் படைப்பின் சிறப்புப் பாடப்படுகிறது. எரேமியாவின் நூலில் காலம் அறிந்த பறவையாகக் காட்சி தருகிறது. சகரியா கண்ட காட்சியொன்றில், தீமையை ஒரு மரக்காலில் அடைத்துச் சுமந்து செல்லும் இரு பெண்களுக்கு ஹஸீதாவின் சிறகுகளைப் போன்ற சிறகுகள் இருந்தன. அய்யூப் (அலை) அவர்களின் பெயரால் அமைந்த யோபு நூலில், தன் முட்டைகளை மண்ணில் விட்டுச் செல்லும் தீக்கோழியைப் பற்றிய பகுதியிலும் இப்பெயர் வருகிறது.

பழைய மொழிபெயர்ப்பாளர்களுக்கு இப்பெயர் எளிதில் பிடிபடவில்லை. கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் எரேமியாவின் நூலில் இதற்குப் பொருள் கூறாமல், 'அஸீதா' என்று ஒலியை மட்டும் எழுதிச் சென்றனர். தமிழ் விவிலியத்திலோ ஓரிடத்தில் கொக்கு, மற்றோரிடத்தில் நாரை என்று வருகிறது.

வானத்து நாரை

எரேமியா, கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ 600 ஆண்டுகளுக்கு முன்பு ஜெருசலேமில் வாழ்ந்தவர். தம் மக்கள் நெறி பிறழ்ந்து நடப்பதைக் கண்டு மனம் நொந்து எச்சரித்தவர். வானத்து நாரை தனக்குரிய காலத்தை அறிந்திருக்கிறது. புறாவும் ஏனைய பறவைகளும் தாம் திரும்பி வரும் வேளையைத் தவறவிடுவதில்லை. இம்மக்களோ தம் இறைவனின் நீதியை அறியாதிருக்கிறார்களே என்பது அவருடைய ஆற்றாமை.

நாரையை மட்டும் அவர் 'வானத்து நாரை' என்று குறிப்பிட்டது ஏன்? அந்நிலத்தின் இயற்கை அதற்கு விடை தருகிறது. செங்கால் நாரை கனமான பறவை. விரித்த சிறகுகளின் அகலம் 2 மீட்டரைத் தொடும். இத்தகைய உடலைச் சிறகடித்தே நெடுந்தொலைவு கொண்டு செல்வது அரிது. ஆகவே, வெயிலில் சூடேறிய தரையிலிருந்து மேலெழும் காற்றில் ஏறி, சிறகை அசைக்காமல் வட்டமிட்டு உயர்ந்து, பின்னர் முன்னோக்கிச் சறுக்கிச் செல்கிறது. இத்தகைய காற்று கடலின்மீது எழுவதில்லை. எனவே ஐரோப்பாவின் கிழக்குப் பகுதி நாரைகள் மத்தியதரைக் கடலைத் தவிர்த்து, இஸ்தான்புல்லின் நீரிணையைக் கடந்து, துருக்கி, சிரியா, பாலஸ்தீனம், சினாய் வழியாக ஆப்பிரிக்கா செல்கின்றன. இளவேனிலில் அவ்வழியே திரும்புகின்றன. இலட்சக்கணக்கான நாரைகள் ஆண்டுக்கு இருமுறை அந்தக் குறுகிய நிலத்தின் வானத்தைக் கடக்கின்றன. எரேமியா அண்ணாந்து பார்த்து அறிந்த உண்மை அது.

பறவைகள் குளிர்காலத்தில் எங்கே செல்கின்றன என்பதை ஐரோப்பியர் நெடுங்காலம் அறியாதிருந்தனர். 1822ஆம் ஆண்டு ஜெர்மனியின் க்ளூட்ஸ் என்னும் ஊரருகே சுட்டு வீழ்த்தப்பட்ட ஒரு நாரையின் கழுத்தில் நீண்ட ஈட்டி ஒன்று தைத்திருந்தது. அந்த ஈட்டி ஆப்பிரிக்காவில் செய்யப்பட்டது! நாரைகள் ஆப்பிரிக்கா வரை சென்று மீள்கின்றன என்பதற்கு அது கண்கண்ட சான்றாயிற்று. ரோஸ்டாக் பல்கலைக்கழகத்தின் சேகரிப்பில் அப்பறவை பாதுகாக்கப்பட்டு வருகிறது.

விண்ணில் சிறகுகளை விரித்தும் மடக்கியும் செல்லும் பறவைகளைத் தாங்கி நிற்பவன் அருளாளனே என்று திருக்குர்ஆன் 67ஆம் அத்தியாயத்தில் நமக்கு நினைவூட்டுகிறது. பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்கிறது 6ஆம் அத்தியாயம். எரேமியா சுட்டிய வானத்தையே நாமும் நோக்கும்படி பணிக்கப்பட்டுள்ளோம்.

நாரையின் இல்லறம்

பண்டைக் காலத்து மக்கள் நாரையின் குடும்ப வாழ்வைக் கண்டு வியந்தனர். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். பெரும்பாலும் 4 முட்டைகள். ஏறத்தாழ 33 நாட்களில் குஞ்சு பொரிக்கும். கடும் வெயிலில் தாயும் தந்தையும் அலகில் நீர் கொணர்ந்து குஞ்சுகளின்மீது சொரியும். குஞ்சுகள் பறக்கத் தொடங்க 2 மாதங்கள் ஆகும். ஆண்டுதோறும் பழைய கூட்டுக்கே திரும்பி வந்து அதனைப் புதுப்பிக்கும்.

முதுமையடைந்த பெற்றோரை நாரையின் பிள்ளைகள் ஊட்டிக் காக்கின்றன என்றும் கிரேக்கர் நம்பினர். அரிஸ்டாட்டில் இதனை மக்களிடையே வழங்கும் செய்தியாகக் குறித்துள்ளார். பெற்றோர்க்குப் பிள்ளைகள் செய்யும் கைம்மாறுக்கு நாரையின் பெயரிலிருந்தே கிரேக்க மொழியில் ஒரு சொல் உருவாயிற்று. இன்றைய பறவையியலார் இந்நம்பிக்கைக்குச் சான்று காணவில்லை. உணவு குறைந்த காலத்தில் நலிந்த குஞ்சைப் பெற்ற பறவையே கொன்றுவிடுவதையும் அவர்கள் பதிவு செய்துள்ளனர். பறவை தன் இயல்பின்படி வாழ்கிறது. அதில் அறம் காண்பவன் மனிதனே.

ஆயினும் அந்த மக்கள் நாரையிடம் தேடிய பண்பு மெய்யானது. பெற்றோர்க்கு இரக்கத்துடன் பணிவெனும் சிறகைத் தாழ்த்துமாறு திருக்குர்ஆன் 17ஆம் அத்தியாயத்தில் பணிக்கிறதன்றோ! குஞ்சுகளைத் தன் சிறகுக்குள் அணைக்கும் பறவையை எண்ணிப் பாருங்கள். முதுமையில் நம் பெற்றோரை அவ்வாறே அணைக்க வேண்டும் என்பதை இவ்வுவமை எத்துணை அழகாக உணர்த்துகிறது!

ஏன் விலக்கப்பட்டது?

இனி, தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். யூதர்களின் மார்க்கச் சட்டத் தொகுப்பாகிய தல்மூதில் இப்பெயருக்கு விளக்கம் உள்ளது. தன் தோழமைப் பறவைகளிடம் அன்பு காட்டுவதால் இது ஹஸீதா எனப்பட்டது என்று ரவ் யஹூதா கூறியதாக அது பதிவு செய்கிறது. மறைநூலின் பட்டியலில் அதற்கு அடுத்து நிற்கும் 'அனாஃபா' என்னும் பறவையோ தன் தோழமையோடு சினந்து பூசலிடுவது என்றும் அங்கே கூறப்படுகிறது. அன்புடையதும் சினமுடையதும் அடுத்தடுத்து நிற்கின்றன, இரண்டும் விலக்கப்பட்டவையே!

11ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் நாட்டில் வாழ்ந்த விரிவுரையாளர் ராஷி, உணவைத் தன் தோழமையுடன் பகிர்ந்துகொள்வதே அந்த அன்பு என்று விளக்கினார். 13ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த ரம்பான், விலக்கப்பட்ட பறவைகள் கொடுமை இயல்புடையவை. அவ்வியல்பு உண்பவனைச் சேரலாகாது என்பதே விலக்கின் நோக்கம் என்றார். அப்படியாயின் அன்புடைய நாரை அந்த வரிசையில் எவ்வாறு சேர்ந்தது?

பிற்கால யூத மெய்ஞ்ஞானிகளிடையே வழங்கும் ஒரு விளக்கம் இதற்கு விடையளிக்கிறது. வெவ்வேறு ஆசான்களின் பெயரால் அது சொல்லப்படுகிறது. ஹஸீதா அன்பு செய்வது உண்மைதான். ஆனால் தன் தோழமைக்கு மட்டுமே செய்கிறது. தன்னினத்துக்கு அப்பால் அதன் அன்பு செல்வதில்லை. அத்தகைய அன்பு தூய்மைக்குப் போதுமானதன்று என்பதே அவ்விளக்கம்.

வாசகர்களே, இதனைச் சொன்னவர்கள் தம் மக்களை நோக்கியே சொன்னார்கள் என்பதைக் கவனியுங்கள். 'ஹஸீத்' என்று பக்தர்களைக் குறிக்கும் பெயரும் அதே வேரில் பிறந்ததுதான். தம் பெயரையே தாங்கிய பறவையிடத்தில் அவர்கள் தமக்கான எச்சரிக்கையைக் கண்டார்கள்.

நம் கூடு, நம் வாசல்

தன் குடும்பத்தாருக்கு முதலில் செய்வது குறையன்று. உறவினர்க்கு அளிக்கும் தர்மம் தர்மமாகவும் உறவைப் பேணலாகவும் இரட்டை நன்மை தரும் என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்துள்ளார்கள். ஆனால் பதிலுக்குப் பதில் செய்பவர் உறவைப் பேணுபவர் அல்லர். உறவு முறிக்கப்பட்டபோதும் அதனைச் சேர்ப்பவரே உறவைப் பேணுபவர் என்றும் அவர்கள் எடுத்துரைத்தார்கள். திருக்குர்ஆனின் 4ஆம் அத்தியாயம், உறவினரான அண்டை வீட்டாருக்கும் அந்நியரான அண்டை வீட்டாருக்கும் நன்மை செய்யுமாறு ஒரே வசனத்தில் பணிக்கிறது.

நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களின் இல்லத்தில் ஒருநாள் ஆடு அறுக்கப்பட்டது. வீடு திரும்பிய அவர்கள் முதலில் கேட்டது, யூதரான நம் அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்பதே. அதனை மீண்டும் ஒருமுறை கேட்டார்கள். அண்டை வீட்டாரைப் பற்றி ஜிப்ரீல் (அலை) தமக்குத் தொடர்ந்து அறிவுறுத்தியதால், அவரை வாரிசாகவே ஆக்கிவிடுவாரோ என்று தாம் எண்ணியதாக நபி (ஸல்) அவர்கள் கூறியதைத் தாம் கேட்டதாகக் காரணமும் சொன்னார்கள். திர்மிதி, அபூதாவூத் ஆகிய தொகுப்புகளில் இந்நிகழ்ச்சி இடம்பெற்றுள்ளது.

முஸ்லிம் நாடுகளிலும் நாரை அன்புக்குரிய பறவையாகவே இருந்து வந்துள்ளது. துருக்கியர் அதனை 'ஹாஜி நாரை' என்று அழைத்தனர். தெற்கு நோக்கிப் பறந்து மக்கா சென்று மீள்கிறது என்று பொதுமக்கள் கருதியதே காரணம். உதுமானியர் காலத்தில் பர்ஸா நகரில் காயமுற்ற நாரைகளைப் பேணுவதற்கென்றே ஓர் இல்லம் இருந்தது. கூட்டத்துடன் பறக்க இயலாமல் பின்தங்கிய பறவைக்கு அங்கே உணவும் மருந்தும் கிடைத்தன. நாரைகள் கைவிட்டுச் சென்ற நாரையை மனிதர் காத்தனர்!

நம் இல்லத்தில் விருந்து சமைக்கும் நாளில், பாத்திரம் துலக்கும் பெண்ணின் பிள்ளைகளுக்குச் செல்வது முதற் பங்கா, மிச்சமா? எதிர் வீட்டுக் கதவு சாத்தியிருந்தால், அங்கே நோயில் கிடப்பவர் யார் என்று நமக்குத் தெரியுமா? நம்முடன் பேச்சை நிறுத்திவிட்ட உறவினரின் வாசலை நாம் கடைசியாக மிதித்தது எப்போது? இவற்றுக்குரிய விடையை ஒவ்வோர் இல்லத்தாரும் தமக்குள் தேடிக்கொள்ள வேண்டும்.

இன்றிரவு உணவருந்தும்போது உங்கள் பிள்ளைகளுக்கு இந்த நாரையின் வரலாற்றைச் சொல்லுங்கள். பெயரில் அன்பிருந்தும் அது ஏன் விலக்கப்பட்டது என்று அவர்களிடமே கேளுங்கள். விடை கூறி முடித்ததும், ஒரு கிண்ணத்தில் உணவிட்டு அடுத்த வீட்டுக்கு அவர்கள் கையாலேயே கொடுத்தனுப்புங்கள்.