செல்பேசியில் சிக்காத ஆல்பம்

'மெமரீஸ் ஆஃப் த ஃப்யூச்சர்' ஆல்பத்தைச் செல்பேசி ஸ்பீக்கரில் போட்டால், யாரோ ஒருவர் தனக்குத்தானே பேசிக்கொண்டிருப்பதுதான் கேட்கும். இசையில் பாதியைக் காணோம். அந்தப் பாதி சப்-பாஸ், அதாவது மிகத் தாழ்ந்த ஒலி. 50 ஹெர்ட்ஸ் ஒலி என்றால் காற்றில் அதன் அலைநீளம் ஏறக்குறைய 7 மீட்டர். நகத்தளவு ஸ்பீக்கர் அவ்வளவு தாழ்ந்த ஒலிக்கு வேண்டிய காற்றைத் தள்ளாது. பாஸ் கிட்டார் என்றால் பிழைத்துக்கொள்ளும். அதில் மேற்சுரங்களும் சேர்ந்தே ஒலிப்பதால், விடுபட்ட அடிச்சுரத்தை மூளை ஊகித்து நிரப்பிவிடும். சப்-பாஸோ பெரும்பாலும் வெறும் சைன் அலை. மேற்சுரம் இல்லை, மூளைக்குத் துப்பும் இல்லை.

ஆல்பம் 2006-இல் ஹைப்பர்டப் வெளியீடாக லண்டனிலிருந்து வந்தது. இசை, அந்த நிறுவனத்தைத் தொடங்கிய ஸ்டீவ் குட்மன். 'கோட் நைன்' என்றால்தான் தெரியும். குரல், 2014-இல் புற்றுநோயால் மறைந்த கவிஞர் ஸ்டீபன் கார்டன், அதாவது 'ஸ்பேஸ்ஏப்'. தென் லண்டனில் வளர்ந்த டப்ஸ்டெப் வகையில் இதைச் சேர்ப்பார்கள். ஆனால் வேர் ஜமைக்காவில் இருக்கிறது. அங்கே ரேடியோ பழுதுபார்த்துக்கொண்டிருந்த கிங் டப்பி, 1970களில் பாட்டிலிருந்து குரலை உருவிவிட்டு டிரம்ஸையும் பாஸையும் எதிரொலியில் மிதக்கவிட்டார். அதுதான் டப். குட்மன் பல இடங்களில் நேர்மாறாகச் செய்கிறார்: டிரம்ஸை உருவிவிட்டுக் குரலை வைத்துக்கொள்கிறார்.

'சைன்' என்ற பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரின்ஸ் 1987-இல் பாடிய 'சைன் ஓ த டைம்ஸ்'தான் இது. மெட்டு போய்விட்டது, தாளக்கட்டும் போய்விட்டது. ஸ்பேஸ்ஏப் கனத்த குரலில், அவசரமே இல்லாமல் பேசுகிறார். வரி முடிந்ததும் ஓர் இடைவெளி. அதற்குள் பாஸ் வந்து போகிறது. அந்த இடைவெளிகளுக்காகத்தான் நான் இதைக் கேட்கிறேன். முழு ஆல்பத்தையும் ஒரே மூச்சில் கேட்டால் அதன் இருண்ட தொனி கொஞ்சம் சலிக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இதைக் கேட்கக் காதை மூடும் ஹெட்போனோ, தாழ்ந்த ஒலிக்கான சப்-வூஃபர் ஸ்பீக்கரோ வேண்டும். சத்தத்தை ரொம்பவும் குறைக்காதீர்கள். மெல்லிய ஒலியில் தாழ்ந்த சுரங்கள்தான் காதுக்கு முதலில் எட்டாமல் போகும். சப்-வூஃபர் இருந்தும் பாஸ் வரவில்லையென்றால் கருவியைக் குறை சொல்லாதீர்கள். சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் நேராக வரும் அலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் இடத்தில் உட்கார்ந்திருப்பீர்கள். நாற்காலியைச் சுவரோரமாக நகர்த்திப் பாருங்கள்.