கயாக்கில் ஒரு பாய்

துடுப்புப் போட்டுச் செல்லும் கடல் கயாக்கை வீட்டிலேயே வேகமான பாய்மரப் படகாக மாற்ற முடியும். ஏறக்குறைய 5 மீட்டர் நீளம், 60 சென்டிமீட்டருக்கும் குறைவான அகலம் கொண்ட அதன் ஒடுங்கிய உடல் தண்ணீரை எளிதாகக் கிழித்துச் செல்லும். ஆனால் அந்த ஒடுக்கத்தால், பாய் விரித்ததும் பக்கக் காற்று படகைக் கவிழ்க்கப் பார்க்கும்.

அதைத் தடுப்பவை மிதவைகள். இரண்டு அலுமினியக் குழாய்களைக் குறுக்கே பொருத்தி, இருபுற முனைகளிலும் மிதவைகளை இறுகக் கட்ட வேண்டும். படகு பக்கவாட்டில் சறுக்காமலிருக்க நீருக்குள் இறங்கும் ஒரு பலகையும், திசை திருப்ப ஒரு சுக்கானும் தேவை.

1956ஆம் ஆண்டு, ஜெர்மானிய மருத்துவர் ஹன்னஸ் லிண்டமன் 5.2 மீட்டர் நீள மடிப்புக் கயாக்கில் பாய் கட்டினார். துடுப்பையும் டயர் டியூப்பையும் கொண்டு மிதவை அமைத்தார். கேனரி தீவுகளிலிருந்து தன்னந்தனியாகப் புறப்பட்டு, 72 நாட்களில் அட்லாண்டிக்கைக் கடந்து கரீபியத் தீவு ஒன்றை அடைந்தார்.

நீங்களும் கயாக்கில் பாய் கட்ட முயல்வதானால், உயிர்காப்பு அங்கி அணிந்து, அலையில்லாத ஆழம் குறைந்த நீரில் தொடங்குங்கள். ஒரே இழுப்பில் பாயை இறக்கும்படி கயிற்றை அமைத்துக்கொள்ளுங்கள்.