சுமை இறங்கிய இடம்

திருநெல்வேலிச் சீமைக்காரர்களுக்கு இந்தக் கேள்வி பழக்கம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரோ, கல்யாணப் பந்தியில் எதிர் வரிசையில் இருப்பவரோ, ஊர், பேர், பிள்ளைகள் எல்லாம் விசாரித்து முடித்துவிட்டு, "நீங்க ரட்சிக்கப்பட்டாச்சா?" என்பார். கேட்பவருக்கு அது அக்கறை. பதில் சொல்ல வேண்டியவருக்குத்தான் திண்டாட்டம். பரம்பரையாகக் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர்களே முழிப்பார்கள். மற்றவர்களுக்கு அந்தச் சொல் சுவரில் எழுதிய வாசகமாகத்தான் தெரியும்.

பாளையங்கோட்டையில் தமிழாசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இந்தக் கேள்விக்கு நான் ஒழுங்காகப் பதில் யோசித்தது கோயிலில் அல்ல, வகுப்பில். பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் எச்.ஏ.கிருஷ்ணபிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' ஒரு பகுதி வருகிறது. விசாரணைக்கு நிறுத்திய இயேசுவைக் கட்டிவைத்து ஏளனம் பேசுகிறார்கள், அடிக்கிறார்கள். அவர் வாய் திறக்காமல் பொறுத்து நிற்கிறார். பாட்டுக்குப் பொருள் சொல்லி முடித்ததும் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்தான். "அவரு பேசாம அடி வாங்கிட்டு நிக்காரு, சரி டீச்சர். அதனால எனக்கு என்ன கெடைக்கும்?"

வகுப்பு சிரித்தது. கேள்வி என்னவோ நல்ல கேள்வி.

அவனுக்கு நான் பரபாஸின் கதையைச் சொன்னேன். கலகத்தில் கொலை செய்து சிறையில் கிடந்தவன் பரபாஸ். பஸ்கா பண்டிகைக்கு ஒரு கைதியை விடுதலை செய்வது ஆளுநர் பிலாத்துவின் வழக்கம். யாரை விடட்டும், இயேசுவையா பரபாஸையா என்று கேட்டபோது கூட்டம் பரபாஸின் பெயரைக் கத்தியது. தண்டனைக்குக் காத்திருந்தவன் தெருவில் இறங்கி நடந்தான். குற்றம் எதுவும் நிரூபிக்கப்படாதவர் சிலுவையைத் தூக்கினார். பரபாஸ் மன்னிப்புக் கேட்டதாகவோ, திருந்தியதாகவோ ஒரு வரி கிடையாது. அவர் பேசாமல் நின்றதால் அன்றைக்குக் காலையில் ஒருவனுக்கு நிஜமாகவே கிடைத்தது.

இரட்சிப்பு என்று கிறிஸ்தவர்கள் சொல்வதன் கரு அதுதான். எனக்கு வரவேண்டியது அவர்மேல் போயிற்று என்று ஒரு மனிதன் நம்புவது. பையன் உட்கார்ந்துவிட்டான். ஆனால் எனக்குப் பாதிக் கதைதான் சொன்ன மாதிரி இருந்தது. வெளியே வந்த பரபாஸ் அதற்குப் பிறகு என்ன செய்தான்? நான்கு சுவிசேஷங்களிலும் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. அந்த மீதிக்குத்தான் கிருஷ்ணபிள்ளையிடமும், அவருக்கு மூலமாக இருந்த ஜான் பன்யனிடமும் போக வேண்டியிருக்கிறது.

பன்யன் படித்தவரல்ல. இங்கிலாந்தில் பெட்ஃபோர்டுக்கு அருகே எல்ஸ்டோ என்ற கிராமத்தில் 1628இல் பிறந்தவர். அப்பாவைப் போலவே ஊர் ஊராகப் போய் ஓட்டைப் பாத்திரம் அடைக்கிற வேலை. அரசாங்கத் திருச்சபையின் அனுமதி இல்லாமல் பிரசங்கம் செய்தார் என்று 1660இல் பிடித்துப் போட்டார்கள். இனிப் பிரசங்கிக்க மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள். சொல்லவில்லை. பன்னிரண்டு வருஷம் சிறை. வீட்டில் மனைவி, பிள்ளைகள். மூத்த மகளுக்குக் கண் தெரியாது. சிறைக்குள் உட்கார்ந்து பூட்ஸ் கயிறுகளுக்கு நுனி கட்டி விற்று அவர்களுக்குப் பணம் அனுப்பினார். 1678இல் அவர் புத்தகம் வெளிவந்தது. 'மோட்சப் பிரயாணம்' என்ற பெயரில் தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் வேதப் புத்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற புத்தகம் அதுதான்.

கதை எளிது. அழியப்போகிற ஒரு நகரத்தில், கையில் ஒரு புத்தகமும் முதுகில் ஒரு சுமையுமாக நிற்கிறான் ஒருவன். புத்தகத்தைப் படிக்கப் படிக்கச் சுமை கனக்கிறது. சுமை என்பது பாவம். அவன் செய்த தப்புகளின் பட்டியல் மட்டுமல்ல அது. தன்னைப் படைத்தவரை விட்டு விலகி, தானே தனக்கு எஜமான் என்று வாழ்ந்ததன் மொத்தக் கனம். அவிழ்க்கப் பார்க்கிறான், முடிச்சு கைக்கு எட்டவில்லை.

வழியில் உலகஞானி என்று ஒரு பெரிய மனிதர் வருகிறார். எனக்குப் புத்தகத்திலேயே மிகவும் பிடித்த பாத்திரம் இவர், ஏனென்றால் இவர் கெட்டவர் இல்லை. எதற்கு இந்தக் கஷ்டமான வழி, பக்கத்தில் ஒழுக்கம் என்று ஒரு கிராமம் இருக்கிறது, அங்கே கௌரவமான ஒருவர் இருக்கிறார், சுமையை அவர் இறக்கிவிடுவார் என்கிறார். அதோடு நிற்கவில்லை. அந்த ஊரில் காலி வீடுகள் கிடக்கின்றன, வாடகை குறைவு, சாப்பாட்டுச் சாமான் மலிவு, குடும்பத்தையும் கூட்டி வந்துவிடு என்று வீட்டுத் தரகர் கணக்காகப் பேசுகிறார். அவனும் போகிறான். ஊருக்கு முன்னால் ஒரு மலை தலைமேல் விழுகிற மாதிரிச் சாய்ந்து நிற்கிறது, நெருப்பு பறக்கிறது. சீனாய் மலை, கட்டளைகளின் மலை. சுமை முன்னைவிடக் கூடுதலாக அழுத்துகிறது.

நல்லவனாக இருந்தால் போதாதா என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. இந்து நண்பர்களும் கேட்டிருக்கிறார்கள், என் சொந்தத் தம்பியும் கேட்டிருக்கிறான். நல்லவனாக இருப்பதைக் கிறிஸ்தவம் குறைத்துப் பேசவில்லை. இன்றைக்கு நான் நல்லபடி நடந்தால் அது இன்றைய கடமை. நேற்று நான் ஒருத்தியின் மனதை உடைத்ததற்கு அது எப்படி ஈடாகும்? இன்னொன்றும் உண்டு. நல்லவள் என்ற எண்ணமே ஒரு நாள் என் தலைக்கு ஏறி, மற்றவர்களை அளக்கிற கோலாகிவிடும். இயேசு சொன்ன ஊதாரி மகன் கதையில் வீட்டைவிட்டுப் போகாத மூத்தவன்தான் கடைசியில் வாசலுக்கு வெளியே கோபித்து நிற்கிறான். இளையவனோ கூலிக்காரனாக வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்க வசனத்தைப் பாடம் பண்ணிக்கொண்டு வருகிறான். அப்பா அந்த வரியைச் சொல்லவே விடவில்லை, ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறார்.

பன்யனின் பயணி ஒரு மேட்டுக்கு வருகிறான். அங்கே ஒரு சிலுவை, அதற்குக் கீழே ஒரு கல்லறை. சிலுவையை நிமிர்ந்து பார்க்கிறான், அவ்வளவுதான். சுமை தானாகக் கழன்று, உருண்டு, கல்லறையின் வாய்க்குள் விழுந்து மறைகிறது. சிலுவை மட்டும் போதாமல் பக்கத்தில் ஒரு கல்லறையையும் வைத்தாரே பன்யன், அது கணக்காக வைத்ததுதான். சிலுவையில் மரித்தவர் மூன்றாம் நாள் எழுந்துபோய்விட்ட கல்லறைதான் இன்னொருவனின் சுமையை வாங்கிக்கொள்ள முடியும் என்பது கிறிஸ்தவ விசுவாசம். உயிர்த்தெழுதல் இல்லாவிட்டால் மீதி எல்லாம் நல்லுபதேசம், அதற்கு உலகஞானியே போதும்.

இந்த இடத்தைப் பன்யன் சில வரிகளில் கடந்துவிடுகிறார். கிருஷ்ணபிள்ளை நின்றுவிட்டார். இயேசுவின் பாடுகளுக்கென்றே 'இரட்சணிய சரித படலம்' என்று நீளமாகப் பாடினார். பெட்ஃபோர்டில் அந்தக் கதை தெரியாதவர்கள் கிடையாது. நம் ஊரில் சுமையை இறக்கினார் என்று சொல்வதற்கு முன்னால் யார் அவர், என்ன பட்டார் என்று சொல்ல வேண்டியிருந்தது. அதனால்தான் என்று நினைக்கிறேன்.

அவருடைய பின்னணியும் அதற்குக் காரணம். 1827இல் நெல்லைக்குப் பக்கத்தில் கரையிருப்பில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர். கம்பனில் ஊறிய புலவர். சாயர்புரத்து மிஷன் பள்ளிக்குத் தமிழ் கற்பிக்கப் போனவர் 1858இல் ஞானஸ்நானம் பெற்றார். வைணவத்தில் ஒரு பழைய வழக்கு உண்டு: குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும், பூனைக்குட்டியைத் தாயே வாயில் கவ்விப் போகும், பக்தன் இதில் எது என்று. அந்தப் பேச்சு காதில் விழுந்து வளர்ந்தவருக்குக் கிருபை என்பது அந்நியமாகப் பட்டிருக்காது. ஆனால் அவர் அந்தக் கிருபையைப் பொந்தியு பிலாத்துவின் காலத்தில் எருசலேமில் நடந்த ஒரு மரணத்தோடு கட்டினார். அங்கேதான் வழி பிரிகிறது. 'நற்போதகம்' மாத இதழில் பதின்மூன்று ஆண்டுகள் தொடராக எழுதி, 1894இல் 3766 பாடல்களோடு காப்பியமாகக் கொண்டுவந்தார். கிறிஸ்தவக் கம்பர் என்று பெயர் வந்தது சும்மா இல்லை.

இனிதான் நான் சொல்ல வந்தது. பன்யனின் புத்தகத்தில் சுமை விழுவது கடைசியில் இல்லை. புத்தகத்தின் முன்பகுதியிலேயே விழுந்துவிடுகிறது. பாவம் மன்னித்தாயிற்று, கந்தலை உரித்துப் புது உடுப்புக் கொடுத்தாயிற்று, நெற்றியில் அடையாளமும் போட்டாயிற்று. அப்புறம் ஏன் இன்னும் அத்தனை பக்கம்?

ஏனென்றால் நடப்பதற்காகத்தான் சுமை இறங்கியது. எபேசு சபைக்கு எழுதிய கடிதத்தின் இரண்டாம் அதிகாரத்தில் பவுல் இதைத்தான் சொல்கிறார்: கிருபையால், விசுவாசத்தினால் கிடைத்தது, நம் செயலால் அல்ல. இதைச் சொன்ன கையோடு, நற்செயல்கள் செய்யவே நாம் உண்டாக்கப்பட்டோம் என்கிறார். எங்கள் கன்வென்ஷன் பந்தல்களில் முதல் பாதி மட்டும் மைக்கில் கேட்கும். எரிகோவின் வரி வசூல்காரன் சகேயுவைப் பாருங்கள். இயேசு முதலில் அவன் வீட்டுக்கு வருகிறேன் என்கிறார். பிறகுதான் அவன் சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றியதை நாலு மடங்காகத் திருப்பித் தருவேன் என்று எழுந்து நிற்கிறான். வரிசை மாறினால் அது லஞ்சமாகிவிடும்.

வாழ்க்கைக்கு என்ன நோக்கம் என்று இன்றைய பிள்ளைகள் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்த கிறிஸ்தவப் பதில் பெரிய சாதனைகளைப் பற்றியது அல்ல. கடவுளிடம் மார்க் வாங்க வேண்டிய அவசியம் தீர்ந்துபோனவனுக்கு, பக்கத்தில் இருப்பவனைப் பார்க்க நேரம் கிடைக்கிறது.

வழியோ சுகமானதில்லை. மாயச் சந்தையில் சரக்கு வாங்க மறுத்ததற்காகப் பயணியின் தோழனை எரித்துக் கொல்கிறார்கள். அவநம்பிக்கை என்ற ராட்சதன் பயணியையும் நம்பிக்கை என்ற புதுத் தோழனையும் சந்தேகக் கோட்டையில் அடைத்து, புதன்கிழமை முதல் சனி இரவு வரை பட்டினி போட்டு அடிக்கிறான், தற்கொலை செய்துகொள்ளுங்கள் என்று யோசனையும் சொல்கிறான். இது சிலுவைக்குப் பிறகு, கவனியுங்கள். சட்டைக்குள்ளேயே வாக்குத்தத்தம் என்று ஒரு சாவி இருப்பது பயணிக்கு அப்புறம்தான் நினைவு வருகிறது. சாட்சி சொல்ல மேடையேறும் எங்கள் ஆட்கள், ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து ஒரு குறைவும் இல்லை, கடன் அடைந்தது, வீடு கட்டினேன் என்பார்கள். பன்யனுக்கு அப்படி எழுதத் தெரியவில்லை. கடைசி ஆற்றில்கூடப் பாலம் வைக்கவில்லை அவர். பயணி அதில் முங்குகிறான், கூட வந்த நம்பிக்கைதான் அவன் தலையைத் தண்ணீருக்கு மேலே பிடித்துக்கொண்டு போகிறான்.

கிருஷ்ணபிள்ளை காலத்தில் ஞானஸ்நானம் என்றால் சாதிசனத்தை இழப்பது. இன்றைக்கு எங்கள் சபைகளில் பெண் பார்க்கும்போது முதல் கேள்வி எது என்று உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும். சாதி என்ற அந்த மூட்டையை மட்டும் கல்லறைக்குள் போடாமல் பத்திரமாகத் தூக்கி வந்திருக்கிறோம்.

எங்கள் தெருவில் பீடி சுற்றுகிற அக்கா ஒருவர் இருக்கிறார். வாரத்தில் சில நாள், சுற்றிய பீடியைக் கடையில் கொடுத்துவிட்டு, தூக்குவாளியில் கஞ்சியோடு ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் போவார். துணைக்கு ஆள் இல்லாமல் கிடக்கிற நோயாளிகளுக்கு ஊற்றிக் கொடுத்து, பெண்களானால் தலையும் சீவிவிட்டு வருவார். கைப்பிரதி கொண்டுபோவதில்லையா என்று ஒரு சபைக்காரர் கேட்டபோது, "கஞ்சி குடிக்கும்போது நோட்டீஸ் குடுக்கப்படாது அண்ணாச்சி. அவங்களுக்கு அது கணக்காத் தெரியும்" என்றார். ஏன் இதைச் செய்கிறீர்கள் என்று நான் கேட்டேன். "எனக்குச் சும்மா கெடச்சது டீச்சர். நான் மட்டும் வெலைக்கா குடுக்க?"

எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர். மோட்சப் பிரயாணத்தைப் பாதிவரைக்கும் படித்திருக்கிறார். பயணி புறப்படும்போது பெண்டாட்டியும் பிள்ளைகளும் கூப்பிடக் கூப்பிடக் காதில் விரலை விட்டுக்கொண்டு ஓடுகிறான் இல்லையா, அந்த இடம் அவருக்குப் பிடிக்கவே இல்லை. எனக்கும் பிடிக்காது. ஆனால் பன்யன் 1684இல் இரண்டாம் பாகம் எழுதினார், அதில் அந்த மனைவி நாலு பையன்களையும் பக்கத்து வீட்டுப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு அதே வழியில் போகிறாள் என்று சொன்னேன்.

"அப்போ அந்தப் புஸ்தகத்தைக் கொண்டாங்க டீச்சர்" என்றார். "இது இருக்கட்டும். அவ பிள்ளைகளைக் கூட்டிட்டு எப்படிப் போனான்னுதான் எனக்குத் தெரியணும்."